மஞ்சளும் மிளகும்: கீமோவுக்குத் துணையா, இடைஞ்சலா?

மருந்துக்கு மசியாத புற்றுநோய் செல்களை உணவுத் தாவரங்கள் வழிக்குக் கொண்டுவருமா? ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தெரிகிறது. நோயாளியின் உடலில் கதை அவ்வளவு எளிதாக இல்லை.

பச்சைத் தேயிலையில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி. என்ற வேதிப்பொருளுக்குப் புற்றுநோய் ஆய்வுலகில் நல்ல பெயர் உண்டு. மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் போர்டெசோமிப் மருந்தோடு அதையும் சேர்த்தால் மருந்தின் வேகம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2009-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு தலைகீழாக இருந்தது. போர்டெசோமிப் மூலக்கூறில் போரான் அணு உள்ள பகுதிதான் புற்று செல்லுக்குள் வேலை செய்ய வேண்டியது. ஈ.ஜி.சி.ஜி. நேராகப் போய் அந்தப் பகுதியையே பிடித்துக்கொண்டது. மருந்து இருந்தும் இல்லாதது போல ஆனது. குடுவையில் வளர்த்த செல்களிலும் சரி, எலிகளிலும் சரி, புற்று செல்கள் தப்பித்துக்கொண்டன.

இதைச் சொல்லிவிட்டு, ‘கீமோ எடுக்கும்போது மூலிகைப் பேச்சே வேண்டாம்’ என்று முடித்துவிடலாம். ஆனால், அது பாதி உண்மை. மருந்துக்குப் பணியாத செல்களை மஞ்சளின் குர்குமினும் மிளகின் பைப்பரினும் பணியவைத்த பரிசோதனைகளும் உண்மையானவை. ஒரே வகைப் பொருள் ஓரிடத்தில் உதவுகிறது, இன்னோரிடத்தில் கெடுக்கிறது. ஏன் இப்படி? அதைப் புரிந்துகொள்ள, புற்றுநோய் எப்படி மருந்தை ஏமாற்றுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்வலிக்கிழங்கு காட்டிக்கொடுத்த ரகசியம்

‘முதல் நாலு சைக்கிள் நன்றாகக் கேட்டது. கட்டி பாதியாகச் சுருங்கியது. அப்புறம் என்ன ஆச்சோ, மருந்து ஏறவே இல்லை.’ புற்றுநோய் வார்டுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. மருத்துவர்கள் இதை ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பார்கள். மருந்து எதிர்ப்பு. உடல் முழுக்கப் பரவிய புற்றுநோயில் சிகிச்சை தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த எதிர்ப்பின் முக்கியமான வழி ஒன்று 1976-ல் கனடாவின் டொராண்டோவில் பிடிபட்டது. ருடால்ஃப் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இரு விஞ்ஞானிகள் வெள்ளெலியின் சூலக செல்களைக் கோல்ச்சிசின் என்ற நஞ்சுக்குப் பழக்கினார்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சுதான். தமிழ்நாட்டு விவசாயிகள் ‘கண்வலிக்கிழங்கு’ என்று பயிரிட்டு, விதையை ஏற்றுமதிக்கு விற்பதும் இதற்காகத்தான். அந்த நஞ்சிலும் சாகாமல் பிழைத்த செல்களின் மேலுறையில் ஒரு புரதம் ஏராளமாக இருந்தது. அதற்கு பி-கிளைகோபுரோட்டீன் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக பி-ஜிபி.

அந்தப் புரதத்தின் வேலை பின்னால் தெளிவானது. படகுக்குள் புகும் தண்ணீரை ஓயாமல் வெளியே இறைப்பது போல, செல்லுக்குள் நுழையும் மருந்தை அது வெளியே இறைத்துத் தள்ளுகிறது. வினோதம் என்னவென்றால், கோல்ச்சிசினுக்குப் பழகிய செல் அதுவரை கண்டிராத வேறு மருந்துகளுக்கும் அசைந்துகொடுக்கவில்லை. ஒரு மருந்தோடு சண்டைபோட்டுப் பழகியது, பல மருந்துகளுக்கு எதிராகப் பயன்பட்டது.

இந்தப் பம்ப் புற்றுநோய் கண்டுபிடித்த ஆயுதம் அல்ல. நம் குடல், ஈரல், சிறுநீரகம், மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்ச் சுவர் என்று எல்லா இடத்திலும் அது பிறவியிலேயே இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் நஞ்சு உடலுக்குள் சேராமல் தடுப்பது அதன் அன்றாட வேலை. காய், கனி, இலை, வேர் எல்லாவற்றிலும் பூச்சியையும் விலங்கையும் விரட்டத் தாவரங்கள் சேர்த்துவைத்த ரசாயனங்கள் உண்டு. அவற்றைச் சமாளிக்கத்தான் உடல் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது.

இப்போது கீமோ மருந்துகளின் பூர்வீகத்தைப் பாருங்கள். வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து கிடைத்தவை. பாக்லிடாக்சல் முதலில் கிடைத்தது பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து. எட்டோபோசைடு, ஒரு மூலிகைச் செடியின் வேர்த்தண்டிலிருந்து கிடைக்கும் பொருளை மாற்றியமைத்து உருவானது. நாம் புற்றுநோய்மீது ஏவும் மருந்துகளில் பலவும் தாவர நஞ்சுகள்தான். தாவர நஞ்சை வெளியேற்றத் தெரிந்த பழைய பம்ப்பைப் புற்று செல் அதிகமாக உற்பத்தி செய்துகொண்டு தப்பிக்கிறது.

பம்ப் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மருந்து தாக்க வேண்டிய புரதத்தையே சில புற்று செல்கள் உருமாற்றிக்கொள்ளும். சில, மருந்து உடைத்த மரபணுவை விரைவாகச் செப்பனிட்டுக்கொள்ளும். சில, ‘செத்துப் போ’ என்கிற உள்கட்டளையைக் காதில் வாங்காது.

செல் ஒளிர்ந்தால் வெற்றியா?

பம்ப்பை அடைத்துவிட்டால் மருந்து உள்ளே தங்கும் அல்லவா? 1981-ல் ஜப்பானின் சுருவோ குழுவினர் அதைச் செய்துகாட்டினார்கள். இதயநோய் மருந்தான வெராபமிலைச் சேர்த்தபோது, வின்கிறிஸ்டினுக்கு அடங்காத ரத்தப் புற்று செல்கள் அடங்கின. ஆனால், நோயாளியிடம் பம்ப்பை அடைக்கும் அளவுக்கு வெராபமில் கொடுத்தால் இதயம் தாங்கவில்லை. அடுத்தடுத்து வேறு மருந்துகள் வந்தன. மூன்றாம் தலைமுறை மருந்தான டாரிகிடாரை வைத்து நுரையீரல் புற்றுநோயில் தொடங்கிய பெரிய ஆய்வுகளும் பக்கவிளைவுகளால் பாதியில் நின்றன. சிக்கல் எளிது: புற்று செல்லின் பம்ப்பை மட்டும் தனியாக அடைக்க முடியாது. குடல், ஈரல், சிறுநீரகத்தில் இருப்பவையும் சேர்ந்து அடைபடும். வெளியேற வேண்டிய கீமோ மருந்து உடம்பிலேயே தங்கிவிடும்.

இந்தத் தோல்விக்குப் பிறகு ஆய்வாளர்களின் பார்வை உணவுத் தாவரங்கள் பக்கம் திரும்பியது இயல்புதான். நாம் காலங்காலமாகச் சாப்பிடுகிற பொருள். பெரிய நஞ்சாக இருக்க வாய்ப்பு குறைவு. தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகக் குழு 2002-ல் குர்குமினைச் சோதித்தது. வின்பிளாஸ்டினுக்குப் பழகிய புற்று செல்களில் குர்குமின் பட்டதும் பி-ஜிபி புரதம் குறைந்தது, பம்ப்பின் வேகமும் தளர்ந்தது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, பைப்பரினும் பி-ஜிபி-யைத் தடுப்பதைக் காட்டியது. வெங்காயத்தின் குவெர்செடின், திராட்சையின் ரெஸ்வெரட்ரால், சோயாவின் ஜெனிஸ்டைன் என்று பட்டியல் நீண்டது. 2019-ல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், செல்லைத் தானாகச் சாகத் தூண்டும் ஒரு புரதத்துக்கு ரத்தப் புற்று செல்கள் இணங்கிப்போக குர்குமின் உதவுவதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள்.

இத்தகைய சோதனை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ரோடமின்-123 என்று ஒரு சாயம். அதன்மீது நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். பி-ஜிபி இதையும் வெளியே தள்ளும். எனவே, பம்ப் நிறைந்த செல்கள் கருவியின் திரையில் மங்கலாகத் தெரியும். சோதிக்கும் பொருளைச் சேர்த்த பின் செல்கள் பளிச்சென்று ஒளிர்ந்தால், சாயம் உள்ளே தங்கிவிட்டது, பம்ப் அடைபட்டது என்று பொருள்.

ஒரு வம்பு இருக்கிறது. குர்குமினும் அதே போலத் தானாக ஒளிரக்கூடியது! கவனமாகக் கழித்துப் பார்க்காவிட்டால், ஒளிர்வது சாயமா, மஞ்சளா என்றே தெரியாது. அதோடு, குர்குமின் கண்ட புரதங்களோடும் ஒட்டிக்கொள்ளும். கரைசலில் வைத்தால் சீக்கிரம் சிதைந்தும் போகும். இப்படிப்பட்ட பொருள்கள் எந்தச் சோதனையிலும் ‘பாஸ்’ ஆகிவிடும் என்று மருந்து வேதியியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சன், மைக்கேல் வால்டர்ஸ் குழு 2017-ல் குர்குமின் ஆய்வுகளை அலசி எழுதிய கட்டுரை இதைத்தான் அழுத்திச் சொன்னது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்திருந்தும், போலி மருந்தோடு ஒப்பிட்டு, யார் எதை உட்கொள்கிறார் என்பதை இரு தரப்புக்கும் மறைத்து நடத்திய ஆய்வுகளில் அதுவரை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்பது அவர்களின் கணிப்பு. குர்குமின் ஆய்வின் முன்னோடியாகப் புகழ்பெற்ற, அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் பணியாற்றிய பரத் அகர்வாலின் பல கட்டுரைகளை அறிவியல் இதழ்கள் திரும்பப் பெற்றதும் இந்தத் துறைக்குப் பெரிய அடி.

கால் கிலோ மஞ்சள்தூள்

சோதனைகள் எல்லாமே சரி என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த தடை அளவு. செல்களில் விளைவு காட்ட ஆய்வாளர்கள் சேர்க்கும் குர்குமின் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோமோலார் வரை. தைவானில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 8 கிராம் சுத்தக் குர்குமின் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அதன் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. குடல் உறிஞ்சுவதே கொஞ்சம். அதையும் குடற்சுவரும் ஈரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவிகிதம். அந்த 8 கிராமை மஞ்சளிலிருந்து பெற வேண்டுமானால், தினமும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். ராத்திரி ஒரு டம்ளர் மஞ்சள் பால் குடிப்பது பழக்கமாக இருக்கலாம், தொண்டைக்கு இதமாக இருக்கலாம். புற்று செல்லின் பம்ப்பை அது அடைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இங்கேதான் மிளகு வருகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, குர்குமின் ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவிகிதம் கூடியதாகக் கண்டார்கள். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் மாத்திரை டப்பாக்கள் பலவற்றில் ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்று அச்சிட்டிருப்பதற்கு வேர் இந்த ஆய்வுதான்.

மிளகு இதை எப்படிச் சாதிக்கிறது? குடலிலும் ஈரலிலும் அந்நியப் பொருள்களைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது, பி-ஜிபி-யையும் தடுக்கிறது. இது குர்குமினுக்கு மட்டும் செய்யும் தனிச்சலுகை அல்ல. அந்த நேரத்தில் உடலில் இருக்கும் மற்ற மருந்துகளுக்கும் பொருந்தும். இதை முறையாகப் பயன்படுத்திய நல்ல உதாரணம் இந்தியாவிலேயே உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு பழைய மருந்துகளில் ஏன் இவ்வளவு இடம்பெறுகிறது என்று ஆராயப் புகுந்த ஜம்மு அரசு ஆய்வுக்கூடம், பைப்பரினின் இந்தக் குணத்தை அடையாளம் கண்டது. அதன் தொடர்ச்சியாக 2009-ல் கெடிலா நிறுவனம் ‘ரிஸோரின்’ என்ற காசநோய் மாத்திரையைக் கொண்டுவந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசினை, 10 மில்லிகிராம் பைப்பரினோடு 200 மில்லிகிராமாகக் குறைக்க முடிந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பைப்பரின் சேர்ந்தால் மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டியிருக்கிறது. கீமோ மருந்துகளில் குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. டோசிடாக்சல், வின்கிறிஸ்டின், இமாடினிப் போன்றவற்றைச் சிதைப்பது பைப்பரின் தடுக்கும் அதே வகை நொதிதான். மருத்துவருக்குத் தெரியாமல் ஒருவர் பைப்பரின் மாத்திரை போட்டுக்கொண்டு இத்தகைய மருந்தை ஏற்றினால், கணக்கு அவர் உடம்பிலேயே தப்பிப்போக வாய்ப்பு உண்டு.

மூன்று ஊர்கள், மூன்று முடிவுகள்

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மூன்றைப் பார்த்தால் நிலவரம் புரியும்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயாளிகள் 28 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வழக்கமான கீமோவோடு தினமும் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 502 நாள். கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 200 நாள். கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் 28 பேர்தான். யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பானதா என்று பார்க்க நடத்திய சிறிய ஆய்வை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது.

ஆர்மீனியாவின் யெரெவான் நகர ஆய்வு 2020-ல் வந்தது. முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 150 பெண்கள். எல்லோருக்கும் வாராவாரம் பாக்லிடாக்சல். பாதிப் பேருக்குக் கூடவே 300 மில்லிகிராம் குர்குமின், மற்றவர்களுக்குப் போலி மருந்து. குர்குமின் பிரிவில் 51 சதவிகிதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, மற்ற பிரிவில் 33 சதவிகிதம். கவனிக்க வேண்டியது, குர்குமின் இங்கே மாத்திரையாகவோ பாலிலோ போகவில்லை. நரம்பு வழியாக, குடலைத் தொடாமல் ரத்தத்துக்கே போனது. அதாவது, அளவிட்ட மருந்தாகப் போனது.

மூன்றாவது ஃபிரான்ஸ். முற்றிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 30 பேருக்கு டோசிடாக்சலோடு குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் நல்ல சேதி சொன்னது. ஒப்பிட வேறு பிரிவு அதில் இல்லை. அதே யோசனையை, 50 பேரிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவு: பலன் தெரியவில்லை, தொடர்வதில் பயனில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம்பிக்கை தந்த முதல் ஆய்வுக்கும் கைவிரித்த இரண்டாவது ஆய்வுக்கும் இடையில் முக்கியமாக மாறியது, சோதிக்கும் முறையின் கண்டிப்பு.

எதிர்த்திசையில் இழுக்கும் பொருள்கள்

தேயிலைக் கதை தனிக்கதை அல்ல. 1999-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள், ஆரஞ்சு வகைப் பழத்தோலில் உள்ள டாஞ்செரிடின், மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபெனின் பலனை எலிகளில் போக்கடித்ததைக் கண்டார்கள். 2002-ல் நெதர்லாந்தில், மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் மருந்தின் வீரியமுள்ள வடிவத்தை நோயாளிகளின் ரத்தத்தில் 42 சதவிகிதம் குறைத்தது. கிரேப்ஃப்ரூட் செய்வது இதற்கு நேரெதிர்: குடலின் நொதியை முடக்கிப் பல மருந்துகளின் அளவை ஏற்றிவிடும். நம் ஊர் பம்பளிமாஸிலும் அந்த வகை வேதிப்பொருள்கள் உண்டு.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று. பிராக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பத்தின் சல்ஃபராஃபேன், செல்லின் தற்காப்பை இயக்கும் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். ஆரோக்கியமான செல்லுக்கு அது நல்லது. ஆனால், சில நுரையீரல் புற்று செல்கள் அதே புரதத்தை ஓயாமல் இயக்கித்தான் கீமோவைத் தாங்கிக்கொள்கின்றன. தற்காப்பு, நல்ல செல் கெட்ட செல் பார்ப்பதில்லை.

மாத்திரையாகும்போது மஞ்சளே ஆபத்தாவதும் உண்டு. மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவர்கள் குழு, மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை 2022-ல் வெளியிட்டது. 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். சில மாத்திரைகளில் மிளகுச் சாறும் இருந்தது. கீமோவின் பெரும்பகுதியைக் கையாளும் உறுப்பு ஈரல் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

தட்டில் உணவு, டப்பாவில் மருந்து

இதற்காக ரசத்தில் மிளகையும் சாம்பாரில் மஞ்சளையும் நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமான சமையல் அளவை மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. கீமோவின்போது சாப்பாடு இறங்குவதே பெரும்பாடு. வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடுவது நல்லது. பிரச்னை, சாறாக இறுக்கி, மாத்திரையாக அடைத்து, தினசரி விழுங்கும்போது தொடங்குகிறது. அந்த நொடியிலிருந்து அது உணவு அல்ல, மருந்து.

மருந்து என்றால் அதற்குரிய பாதை உண்டு. யூ மரப் பட்டையை 1962-ல் சேகரித்தார்கள். அதிலிருந்த பொருளின் அமைப்பை மன்சுக் வானி, மன்ரோ வால் குழு 1971-ல் வெளியிட்டது. பாக்லிடாக்சலுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1992-ல். முப்பது ஆண்டுகள். பட்டையைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி யாரும் அதை மருந்தாக்கவில்லை. பிரித்தெடுத்து, அளந்து, யாருக்கு எவ்வளவு என்று சோதித்து, பக்கவிளைவுகளைப் பதிவு செய்த பிறகே அது நோயாளியின் நரம்புக்குள் போனது. குர்குமினுக்கும் பைப்பரினுக்கும் மரியாதை செய்வதென்றால் இதே கண்டிப்போடு சோதிப்பதுதான். யெரெவான் ஆய்வைப் போன்றவை இன்னும் பெரிதாக, வேறு வேறு நாடுகளில், ஆயுளை அளவிடும் வகையில் நடந்தாக வேண்டும். மஞ்சளும் மிளகும் விளையும் நம் நாடு அதற்கு முன்னால் நிற்பதே பொருத்தம்.

அதுவரை நோயாளிகளின் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் நோயாளி எடுத்துக்கொள்ளும் மாத்திரை, சூரணம், கஷாயம், பொடி, ஜூஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டப்பா இருந்தால் கையிலேயே எடுத்துப் போங்கள். திரிகடுகு சூரணமோ, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கிரீன் டீ மாத்திரையோ, எதையும் ‘இது சும்மா இயற்கைதானே’ என்று விட்டுவிட வேண்டாம். சித்த மருத்துவரிடமும் காட்டுகிறீர்கள் என்றால், ஏறிக்கொண்டிருக்கும் கீமோ மருந்தின் பெயரை அவரிடமும் சொல்லுங்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டு விழும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். கோபப்படாமல் கேளுங்கள்; சொல்வார்கள்.